மைதான மடல்: பெரிய கிளப்புகளின் சட்டை அணியாத பி.கே.

கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அடுத்த வீட்டு வங்காளிப் பையன் முதன்முதலில் கேட்கும் கேள்வி, "நீ எந்தக் கட்சி?" என்பதே. அது அரசியல் கட்சி அன்று. மோஹன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்பதே கேள்வி. (நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று மாறிப் பல்லாண்டுகள் ஆயினும் நம் வீடுகளில் அது இன்னும் கல்கத்தாதான். இம்மடலிலும் அவ்வாறே இருக்கட்டும்.) ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும், மோஹன் பகான் வென்றால் இறாலும் கடைத்தெருவில் விலையேறும் என்பது இவ்வூர் வழக்கு. மீனே சமையலறைக்குள் நுழையாத நம்மவர் இல்லங்களிலும் அந்தச் சண்டை மட்டும் தடையின்றி நுழைந்துவிட்டது.

இவ்விரு கிளப்புகளின் சட்டையையும் ஆட்டக்காரராக ஒருநாளும் அணியாத ஒருவர், பின்னாளில் இரண்டுக்கும் பயிற்சியாளராகி, இரண்டையும் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றார். அவர் பிரதீப் குமார் பானர்ஜி. ஊரார் அவரைப் பி.கே. என்றே அழைத்தனர், நாமும் அப்படியே அழைப்போம். அவரைப் பற்றி எழுத நமக்குத் தனி உரிமை ஒன்றும் உண்டு. அவர் ரயில்வேக்காரர்.

பி.கே. 1936-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் வட வங்காளத்தில் ஜல்பாய்குரியை அடுத்த மைனாகுரியில் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் ஜாம்ஷெட்பூருக்குப் பெயர்ந்தது. இரும்பு ஆலையை நம்பி நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து குடியேறிய ஊர் அது. நம் வாசகர்களில் பலருக்கும் அங்கே உறவினர் இருப்பர். பதினைந்து வயதிலேயே பீகார் மாநிலத்துக்காகச் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஆடினார் பி.கே. 1954-இல் கல்கத்தாவுக்கு வந்து ஆரியன் கிளப்பில் சேர்ந்தார். மறு ஆண்டே ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு வந்துவிட்டார். அதன் பின்னர் 1967-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் கிளப் மாறவேயில்லை.

இன்றைய இளைஞர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். இந்தியாவின் முதன்மையான வலதுபக்க ஆட்டக்காரர். ஒலிம்பிக் அணியின் தலைவர். அப்படிப்பட்டவர் ஏன் பெரிய கிளப்புக்குச் செல்லவில்லை? அக்காலத்துக் கால்பந்து எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தால் இது விளங்கும். கிளப்புகள் பெயரளவில் தொழில்முறைக் கிளப்புகள் அல்ல. ஆட்டக்காரருக்கு ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று கையில் கொஞ்சம் பணம் கிடைக்கும். கைதட்டல் நிறையக் கிடைக்கும். முழங்கால் போய்விட்டால் இரண்டும் நின்றுவிடும். மாதம் பிறந்ததும் சம்பளமும், முதுமையில் ஓய்வூதியமும் தரக்கூடியவை ரயில்வே, துறைமுகம், சுங்க இலாகா, போலீஸ் போன்றவையே. ஆகையால் பந்து ஆடத் தெரிந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றின் அணிகளே உண்மையான தொழிற்சாலை. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் ஆட்டம். அரசாங்கச் சம்பளம் என்ற ஒரு சொல்லுக்காகக் காவிரிக் கரையையும் தாமிரபரணிக் கரையையும் விட்டு ஹூக்ளிக் கரைக்கு வந்த நமக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ரயில்வே அணி என்றால் அக்காலத்து ரசிகர்களுக்குச் சிறிது இளக்காரம். பெரிய கிளப்புகளின் கூடாரத்தருகே கூட்டம் நெரியும். நம்மவர் கூடாரத்தருகே டீக்கடைக்காரருக்கே வியாபாரம் இராது என்று பழையவர்கள் சொல்வர். இந்த அணிதான் 1958-இல் கல்கத்தா லீகை வென்றது. மோஹன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் தமக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த பட்டத்தை, குமாஸ்தாக்களும் ரயில்வே ஊழியர்களும் கொண்ட அணி பறித்துக்கொண்டது. அவ்வணியைப் பழக்கியவர் பாகா சோம் என்று எல்லோரும் அழைத்த பயிற்சியாளர். 'பாகா' என்றால் புலி. அலுவலகத்தில் நம் மூத்தவர்கள் ஒலிம்பிக்கைக்கூடச் சில சமயம் மறந்துவிடுவர். 1958-ஐ மறந்தவரை நாம் கண்டதில்லை.

பி.கே.யின் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இந்த வெற்றியே திறவுகோல் என்பது நம் கருத்து. பெயர் பெற்றவர்கள் பதினொருவரை வைத்துக்கொண்டு வெல்வது ஒரு வித்தை. இருப்பவர்களை வைத்துக்கொண்டு, அவர்களால் இயலும் என்று அவர்களையே நம்பவைத்து வெல்வது வேறொரு வித்தை. இரண்டாவதை அவர் ரயில்வே அணியில்தான் கற்றிருக்க வேண்டும்.

நாட்டுக்காக அவர் ஆடியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று அரை இறுதிக்குச் சென்றது. இறுதியில் நான்காம் இடம் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அவ்வளவு உயரம் சென்றதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவர் பி.கே.தான். பிரான்ஸுடன் 1–1 என்று சமன் செய்த ஆட்டத்தில் இந்தியாவின் அந்த ஒரு கோல் அவர் காலிலிருந்து பிறந்தது. அந்த அணியில் நம்மவர்களும் இருந்தனர். தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ் ஒருவர். மற்றொருவர் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். அவர் ஐதராபாத்தில் பிறந்தவர் ஆயினும், நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றவர். 1961-இல் அர்ஜுனா விருது தொடங்கியபோது கால்பந்துக்கான முதல் விருது பி.கே.க்கே கிடைத்தது.

1962-ஐ மட்டும் சுருக்க மனம் வரவில்லை. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அழைப்பு மறுக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி கண்டித்துப் பேசியதால் ஊர் முழுவதும் நம்மவர்மீது சினம். இந்திய அணி மைதானத்தில் கால் வைத்தாலே கூச்சல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றோம். பின்னர் தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் ஆகியோரை வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தால், எதிரே மீண்டும் அதே தென் கொரியா. தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமோ அவரை உட்கார வைக்காமல் முன்வரிசையில் நிறுத்தினார். செப்டம்பர் 4-ஆம் நாள், லட்சம் பேர் எதிராகக் கத்திய அரங்கில், பி.கே. ஒரு கோல் அடித்தார். சிறிது நேரத்தில் அந்தத் தையல் போட்ட ஜர்னைல் மற்றொன்று அடித்தார். 2–1 என்று தங்கம் நமதாயிற்று. அன்று நமக்காகக் கைதட்டியவர்கள் அங்கிருந்த பாகிஸ்தான் ஹாக்கி அணியினரே என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னர் கூறியுள்ளனர்.

ரஹீம் ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர். ஜகார்த்தாவில் இருந்தபோதே புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூனில் காலமானார். ஆட்டக்காரர்களிடம் என்ன பேசவேண்டும், எப்போது பேசவேண்டும் என்பதை அறிந்த ஆசான் அவர். தங்கம் கழுத்தில் விழுந்த நாளில் பி.கே.க்கு வயது இருபத்தாறு. பாகா சோமையும் ரஹீமையும் அருகிலிருந்து கவனித்த மாணவர் என்ன ஆவார் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

காயங்கள் அவரை 1967-இல் மைதானத்திலிருந்து வெளியேற்றின. முப்பத்தோரு வயது. நம் வாழ்வில் அந்த வயதில்தான் ஒரு குமாஸ்தா ஓரளவு வேலை பழகுகிறான். ஆட்டக்காரனுக்கோ அதுவே அந்தி. பழைய புகழைச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டு காலம் தள்ளியவர்கள் உண்டு. பி.கே. மறுபடி மாணவரானார். 1969-இல் உலகக் கால்பந்து நிறுவனமாகிய ஃபிஃபா ஜப்பானில் நடத்திய பயிற்சியாளர் வகுப்பில் சேர்ந்து, டெட்மார் கிராமர் என்னும் ஜெர்மானிய ஆசானிடம் பாடம் கேட்டார். ஆடத் தெரிந்தவனுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்று நம் நாட்டில் எளிதாக நம்பிவிடுகிறோம். சங்கீதத்தில் இந்த நம்பிக்கையால் விளைந்த துன்பத்தை நம் சபாக்களில் பாட்டு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் அறிவர்.

1972-இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. அந்தக் கிளப் 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து லீகை வென்றது. அவற்றில் கடைசி நான்கு பி.கே.யின் காலம். 1973-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் வட கொரியாவின் பியோங்யாங் நகர அணியை 3–1 என்று தோற்கடித்தனர். இவற்றுக்கெல்லாம் முடியாக வந்தது 1975 செப்டம்பர் 30. ஷீல்டு இறுதி ஆட்டம். எதிரே மோஹன் பகான். ஈஸ்ட் பெங்கால் 5–0. சுரஜித் சென்குப்தா, ஷியாம் தாபா, ரஞ்சித் முகர்ஜி, சுபங்கர் சன்யால் ஆகியோர் கோல் அடித்தனர், தாபாவுக்கு இரண்டு. இவ்வூரில் அந்த ஐந்து என்ற எண்ணைச் சொன்னாலே பாதிப் பேர் சிரிப்பர், பாதிப் பேர் முகம் திருப்பிக்கொள்வர். அன்றிரவு மோஹன் பகான் ரசிகர் ஒருவர் துயரம் தாளாமல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஒரு பந்துக்காக இவ்வளவா என்று நாம் கேட்கலாம். கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் பயிற்சியாளர் என்ற நாற்காலி இந்நகரில் எத்தனை பாரத்தைத் தாங்கியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மறு ஆண்டு பி.கே. எங்கே இருந்தார் தெரியுமா? மோஹன் பகானில்! ஐந்து கோலால் அவமதித்தவரையே அந்தக் கிளப் அழைத்துத் தன் பிள்ளைகளை ஒப்படைத்தது. ஊரில் வசைமாரி பொழிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 1976 லீகில் இரு அணிகளும் சந்தித்தபோது ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது விநாடியில் மோஹன் பகானின் முகம்மது அக்பர் கோல் அடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது எனலாம். ஈஸ்ட் பெங்காலின் ஆறாண்டு ஆட்சியை, அதன் கடைசி நான்கைத் தாமே நடத்தியவர், தாமே முடித்துவைத்தார்.

அடுத்த ஆண்டு கதை மாறிற்று. 1977 லீகில் ஈஸ்ட் பெங்காலிடம் 0–2 தோல்வி, பட்டமும் போயிற்று. முன் ஆண்டு தோளில் தூக்கியவர்களே பயிற்சியாளரைத் தூற்றினர். அந்தச் சமயத்தில் நியூயார்க்கின் காஸ்மாஸ் அணி கல்கத்தாவுக்கு வந்தது; உடன் பெலேயும் வந்தார். செப்டம்பர் 24, ஈடன் தோட்டம். மழையில் ஊறிய தரை. பெலேயைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கௌதம் சர்க்காரிடம் ஒப்படைத்தார் பி.கே. உலகம் வணங்கும் பெயரைக் கேட்டு நடுங்காதிருக்க அவ்விளைஞர்களிடம் என்னென்ன பேசினாரோ! ஷியாம் தாபாவும் முகம்மது ஹபீபும் கோல் அடிக்க, ஆட்டம் 2–2 என்று முடிந்தது. அடுத்த சில நாட்களில் ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை 1–0 என்று வென்றனர். பின்னர் ரோவர்ஸ், டூரண்ட் கோப்பைகளும் அதே பருவத்தில் வந்து சேர்ந்தன.

அவர் பேச்சுக்கு வங்காளப் பத்திரிகைகள் ஒரு பெயரே வைத்தன: 'வோகல் டானிக்'. வாயால் ஊட்டும் மருந்து என்று நாம் சொல்லலாம். ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் அவர் பேசுவார். கேட்டவர் போருக்குப் போகிறவர்போல் வெளியே வருவர். இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. வெறும் பேச்சினால் பந்து வலைக்குள் போகுமா என்றனர். பேச்சுக்குப் பின்னே விடியற்காலைப் பயிற்சியும், ஒவ்வொருவனுடைய காலின் குறையையும் தனித்தனியே திருத்திய உழைப்பும் இருந்ததை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. அதே மருந்து எப்போதும் பலித்தது என்றும் நாம் சொல்ல மாட்டோம். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் நாட்டின் அணி அவர் பொறுப்பில் நீண்ட முகாமுக்குப் பின் களமிறங்கி, கால் இறுதியில் சவூதி அரேபியாவிடம் ஒரே கோலில் தோற்று வெளியேறியது. சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னால் நேர்ந்த அந்தத் தோல்வி அவர்மீது நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் 'மானேஜர்' என்றால் அணியைத் தேர்ந்து, ஆட்களை வாங்கி, விற்று, யாவற்றுக்கும் பதில் சொல்பவர். கல்கத்தாவில் ஆட்களை வாங்குவது கிளப் செயலாளர்கள். தோல்விக்குப் பதில் சொல்வது மட்டும் பயிற்சியாளர். நம் அலுவலகங்களிலும் இத்தகைய பொறுப்புப் பங்கீடு உண்டு என்பதால் இதை மேலும் விவரிக்காமல் விடுகிறோம்.

பின்னர் ஜாம்ஷெட்பூரின் டாட்டா கால்பந்துக் கலைக்கூடத்தில் சிறுவர்களைப் பழக்கும் பொறுப்பை ஏற்றார். வளர்ந்த ஊருக்கே திரும்பினார் எனலாம். அறுபது வயதைக் கடந்தபின் மறுபடி ஈஸ்ட் பெங்கால். 1997 ஜூலை 13, சால்ட் லேக் அரங்கம், ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதி. மோஹன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. இங்கிலாந்து சென்று பயிற்சிக் கலையைப் படித்து வந்தவர், அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர், பி.கே.யின் வாழ்நாள் போட்டியாளர். வைர வடிவத்தில் ஆட்களை நிறுத்தும் அவரது புதிய முறை அந்த ஆண்டு எல்லோரையும் மயக்கியிருந்தது. ஆட்டத்துக்கு முன்னர் பத்திரிகைகளில் அவர் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களைக் கேலி செய்தார். பாய்ச்சுங் பூட்டியாவைச் 'சம்சம்' என்றார். அது ஒரு வங்காள இனிப்பு. பி.கே. வெளியே அதிகம் பேசவில்லை. உள்ளே பேசியிருப்பார். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட அரங்கில் ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. அந்த இனிப்பு மூன்று கோல் அடித்தது.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் சில நாட்களுக்கு முன் கேட்டார்: "பையன் நன்றாக ஆடுகிறான், படிப்பைக் கவனியாமல் மைதானமே கதி என்று கிடக்கிறான், விடலாமா?" பி.கே.யைக் காட்டி 'விடுங்கள்' என்று சொல்ல நாம் துணியவில்லை. அவரைப் போன்றவர் ஒரு தலைமுறைக்கு ஒருவர். ஆனால் ஒன்று சொன்னோம். ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. தெருவில் ஆடிய ஆட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆடியதற்கான சான்றிதழும், குறைந்தது மெட்ரிகுலேஷன் தேர்ச்சியும் கையில் இருந்தால் கதவைத் தட்டலாம். எனவே பந்தும் இருக்கட்டும், பள்ளியும் இருக்கட்டும், சான்றிதழ்களைத் தாயார் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைக்கட்டும் என்றோம். அன்பருக்கு இது முழுத் திருப்தி அளித்ததாகத் தெரியவில்லை.

பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம் என்று ஒரே மூச்சில் சொல்வது இந்நகரத்து வழக்கம். மூவரும் ஒரே காலத்து முன்வரிசையினர். பி.கே.க்கு 1990-இல் பத்மஸ்ரீயும், 2004-இல் ஃபிஃபாவின் நூற்றாண்டுச் சிறப்பு விருதும் கிடைத்தன. செகந்திராபாத்திலிருந்து வந்த துளசிதாஸ் பலராமும் பின்னாளில் ரயில்வேயை நாடியவரே, பி.என்.ஆர். அணிக்கு வந்து, உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்ந்தார். அவருக்குப் பத்ம விருது எதுவும் வரவில்லை. உத்தரபாராவில் அமைதியாக வாழ்ந்து 2023 பிப்ரவரியில் மறைந்தார். அடுத்த மடலில் அவரைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம்.

ஈஸ்டர்ன் ரயில்வே 1958-இல் வென்ற பின்னர் அறுபத்தோர் ஆண்டுகள் அந்த லீகை மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர வேறு எவராலும் வெல்ல முடியவில்லை. 2019-இல் பியர்லெஸ் என்னும் நிறுவன அணி வென்றது. அச்செய்தி வந்தபோது பி.கே.க்கு எண்பத்து மூன்று வயது. 2020 மார்ச் 20-ஆம் நாள் இந்நகரத்தில் காலமானார். நான்கு நாட்கள் கழித்து நாடு முழுவதும் ஊரடங்கு, ரயில்களும் நின்றுவிட்டன.